முந்திவிட்ட வெளிச்சம்

போன மாதம் ஒரு காலையில், அடுப்பில் தோசை கிடக்கும்போது போன் அடித்தது. தெரியாத எண். எடுப்பதா வேண்டாமா என்று நின்றேன். போனில் பேசுவதென்றால் இந்த வயதிலும் எனக்கு வாய் உலர்ந்துவிடும். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

"அக்கா, ஸ்டுடியோக்காரவுஹ வீடுதானே? நான் காயல்பட்டினத்துலேர்ந்து பேசுறேன். என் கல்யாணத்துக்குப் பொம்பளைங்க பக்கம் நீங்கதான் படம் புடிச்சிய."

காயல்பட்டினத்தில் நான் படம் பிடித்த கல்யாணங்கள் இருபதுக்கு மேல் இருக்கும். ஆனால் பேசுவது யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாதவள் மாதிரி, "எந்தக் கல்யாணம்மா?" என்று கேட்டேன்.

"எங்க உம்மா படம் விழாமப் போச்சுல்லா, அந்தக் கல்யாணம்."

அந்தப் பெண்ணே தொடர்ந்து பேசினாள். பெண் என்ன, அவளுக்கும் இப்போது அறுபது தாண்டியிருக்கும். அவளுடைய அண்ணன் சவுதியிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாராம். முழங்கால் வைத்தியத்துக்கு வந்தவர், இனிப் போகிற மாதிரி இல்லையாம். உம்மாவின் முகம் ஞாபகத்தில் நழுவிப் போகிறது என்று சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாராம்.

"ரோலு கெட்டுப் போச்சுன்னு அண்ணாச்சி அன்னைக்கு சொன்னாஹல்லா? அந்தக் கெட்ட ரோலு இருக்கா அக்கா? இப்ப கெட்டதையும் கம்ப்யூட்டர்ல போட்டு சரி பண்ணிருதாங்களாமே. காக்கா அத ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே இருக்காஹ."

காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அண்ணாச்சி என்று அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

"தேடிப் பாக்கேன்மா" என்றேன். தேடுவதற்கு ஒன்றுமில்லை. அது எந்தப் பெட்டியில், எந்தக் கவரில் இருக்கிறது என்று நாற்பது வருஷமாக எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் தோசை கரிந்து கிடந்தது.

நான் ஆற்றுப் பாசனத்து ஊரில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது, கடைக்குப் போய் உப்பு கேட்கக்கூட என்னால் முடியாது. கடைக்காரரே என்னைப் பார்த்ததும், "என்னம்மா, உப்பா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட என் கையில் கேமரா வந்ததற்குக் காரணம் காயல்பட்டினத்து வழக்கம்தான். அங்கே கல்யாண வீட்டில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண்கள் பக்கம் வெளி ஆண் யாரும் போக முடியாது. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர முடுக்கு என்று ஒடுக்கமான சந்துகள் தனியாக இருக்கும். என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் படம் பிடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பெண்கள் பக்கத்துக்கு ஆள் வேண்டும். "ஏளா, நீ போயேன்" என்றார். மூன்று நாள் அழுதேன். பிறகு போனேன்.

அந்தக் கேமரா என் கூச்சத்துக்கு ஏற்றதாக இருந்தது. இப்போதுள்ளவை மாதிரிக் கண்ணுக்கு நேரே பிடிப்பது அல்ல. பெட்டி மாதிரி இருக்கும், முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கண். கழுத்தில் தொங்கவிட்டு, வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலே மூடியைத் திறந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சதுரக் கண்ணாடியில் எதிரில் இருப்பவர் தெரிவார். யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க வேண்டாம். தலையைக் குனிந்தபடியே வேலையை முடித்துவிடலாம். ஒன்றே ஒன்று, அந்தக் கண்ணாடியில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். ஆள் இந்தப் பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் அந்தப் பக்கம் போவார். பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. பழகிய பிறகு, கண்ணாடியில் தெரிவதுதான் சரி என்று ஆகிவிட்டது.

வீட்டுக்குள்ளே பிடிப்பதென்றால் பிளாஷ் வேண்டும். கேமராவுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டையைத் திருகி, அதன் இடது ஓரத்தில் நிற்கும் கைப்பிடியில் பிளாஷை மாட்ட வேண்டும். பிராக்கெட் என்பார்கள். பிளாஷிலிருந்து ஒரு வயர் வந்து கேமராவின் முன்பக்கத்தில் செருகும். எல்லாம் சேர்ந்தால் ஒரு குடம் தண்ணீர் கனம். ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான். பன்னிரண்டு முடிந்தால் ரோல் மாற்ற வேண்டும். கேமராவின் பின்கதவைத் திறக்கும் பிடி அடியில் இருக்கிறது, அதைப் பட்டை மறைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் வயரைப் பிடுங்கி, பட்டையைக் கழற்றி, ரோலை மாற்றி, மறுபடியும் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும்.

வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு இங்கிலீஷ் எழுத்து. ஒன்று மலை மாதிரி இருக்கும், இன்னொன்று பள்ளிக்கூடத்தில் போட்ட பெருக்கல் குறி மாதிரி. முதலில் எங்களிடம் இருந்தது பல்பு பிளாஷ். ஒரு படத்துக்கு ஒரு பல்பு, எரிந்ததும் சேலைத் தலைப்பால் பிடித்துக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அந்தப் பல்பு பற்றிக்கொண்டு முழு வெளிச்சம் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் லீவரை மலைப் பக்கம் வைத்தால், கேமரா கொஞ்சம் பொறுத்துத் தன் கண்ணுக்குள் இருக்கும் சின்னக் கதவைத் திறக்கும். அந்தக் கல்யாணத்துக்குச் சில வாரம் முன்னால், காயல்பட்டினத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் என் வீட்டுக்காரர் ஒரு கரண்ட் பிளாஷ் வாங்கினார். பல்பே வேண்டாம். மின்னல் மாதிரி அடித்து ஓய்ந்துவிடும். "இதுக்குப் பொறுத்தெல்லாம் திறக்கக் கூடாது. இனிமே பெருக்கல் குறிதான், மறந்துராத" என்று சொன்னார். நான் மறக்கவில்லை. என் கைதான் மறந்தது.

அன்றைக்கு முதல் ரோல் சரியாகவே போனது. மணப்பெண், அவளுடைய தோழிகள், மருதாணிக் கைகள், எல்லாம். மணப்பெண்ணின் உம்மா அங்குமிங்கும் நடந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டும் சிரிக்க வைத்துக்கொண்டும் இருந்தார். நெடுநெடுவென்று உயரம். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "ஏளா, டப்பாக்குள்ள என்னத்தத் தேடுத? ஊசி ஏதும் உழுந்து கெடக்கா?" என்றார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

நான் கேமராவை அவர் பக்கம் திருப்பினாலே முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, "போ அங்கன" என்பார். அந்த அம்மா வாழ்க்கையில் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. அதற்குள் மணப்பெண் என் காதில் சொன்னாள். "அக்கா, காக்காக்கு லீவு கெடைக்கல. கல்யாணத்துக்கு வர முடியல. உம்மா படம் ஒண்ணே ஒண்ணு அனுப்புங்கன்னு நாலு கடுதாசி போட்டுட்டாஹ. நீங்க பொம்பள, உங்ககிட்டன்னா உக்காருவேன்னு உம்மா ராத்திரி சம்மதிச்சிட்டாஹ."

முதல் ரோல் முடிந்திருந்தது. நான் ஒரு ஓரமாகப் போய் வயரைப் பிடுங்கிப் பட்டையைக் கழற்றி ரோலை மாற்றினேன். திரும்பப் பட்டையை முடுக்கி, வயரைச் செருகி, லீவரைத் தள்ளினேன். அவ்வளவு வருஷமும் வயரைச் செருகியதும் லீவரைத் தள்ளிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் கைக்கு இருந்தது.

நிமிரும்போது அந்த அம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு. இவ்வளவு நேரம் அதட்டியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"இத எந்த ஆம்பளையும் பாக்க மாட்டானே?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா. பொம்பளைங்க ரோல நான்தான் கழுவுவேன். பிரிண்ட்டும் நெகட்டிவும் உங்க கையில குடுத்துருவோம்."

தலையை ஆட்டினார். நான் குனிந்தேன். கண்ணாடியில் அவர் தெரிந்தார். கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம். அப்போதுதான், விரல் பொத்தான் மேல் இருக்கும்போது, லீவர் ஞாபகம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். மலைப் பக்கம் இருந்தது. புது பிளாஷுக்கு மலையா, பெருக்கலா? காலையில்கூட என் வீட்டுக்காரர் சொன்னாரே. தெரிந்ததுதான், ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எல்லாம் குழம்பிவிட்டது. அவர் எதிர்வீட்டில் ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது ஒரு பிள்ளையை அனுப்பிக் கேட்டு வரச் சொல்லலாம். அந்தப் பிள்ளை வாசலில் நின்று, "உங்க வீட்டம்மா மலையா பெருக்கலான்னு கேக்காவ" என்று கத்தும். அத்தனை ஆண்களும் சிரிப்பார்கள். மலையாகத்தான் இருக்கும், கை தானாகத் தள்ளியது தப்பாக இருக்காது என்று நினைத்துக்கொண்டு அழுத்திவிட்டேன்.

பளீரென்று அடித்தது. அந்த அம்மா திடுக்கிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"விழுந்துட்டா?"

"விழுந்துட்டும்மா" என்றேன்.

அந்த ரோலில் இன்னும் பதினோரு படம் மீதி இருந்தது. "இன்னொண்ணு எடுக்கேம்மா, அப்படியே இருங்க" என்று சொல்லி, லீவரைப் பெருக்கல் குறிக்குத் தள்ளி இன்னொன்று எடுத்திருந்தால் போதும். அந்த நிமிஷம் அவர் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார். எனக்குத்தான் வாய் வரவில்லை. மீதிப் பதினொன்றையும் அதே மாதிரியே எடுத்து முடித்தேன்.

மறுநாள் இருட்டு அறையில் அந்த ரோலைக் கழுவி, வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தேன். கழுவிய கண்ணாடி மாதிரி இருந்தது. நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம்தான் கறுக்கும். முதல் படத்தில் ஜன்னல் இருந்த இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கட்டம். பக்கத்தில் ஒன்றும் இல்லை.

என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார். "பிலிம் ஓரத்து நம்பர் நல்லா விழுந்திருக்கே. மருந்துல கோளாறு இல்ல" என்றார். பிறகு கேமராவை எடுத்து லீவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்று சாயங்காலம் லீவரைப் பெருக்கல் குறிப் பக்கம் தள்ளி, அது நகராமல் இருக்கச் சிவப்பு அரக்கை உருக்கி வைத்துவிட்டார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சாகும்வரை.

ஆல்பம் கொடுக்கப் போனபோது அவரே ஆண்களிடம் சொன்னார். கழுவுகிற மருந்து கெட்டுவிட்டது, இரண்டாவது ரோல் வீணாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் உள்ளே பெண்கள் பக்கம் நின்றேன். அந்த அம்மா ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"விடும்மா. ஆசைப்பட்டு உக்காந்தேன். வேண்டாம்னு மேல உள்ளவன் நெனச்சிட்டான் போல. நல்லதுக்குத்தான்."

இல்லம்மா, மேலே உள்ளவன் ஒன்றும் நினைக்கவில்லை, என் கைதான் என்று சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், வெளியே நிற்கிற என் வீட்டுக்காரர் சொன்னது பொய்யாகிவிடும். "அடுத்த தடவை எடுத்துக்கலாம்மா" என்றேன். "இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். அதன் பிறகு அந்த வீட்டுக்கு இரண்டு தடவை விசேஷத்துக்குப் போனேன். என்னிடம் பிரியமாகப் பேசினார், சாப்பிடாமல் விடவில்லை. கேமராவைக் கண்டால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். நாலு வருஷத்தில் இறந்துபோனார். மகன் வந்து சேர இன்னும் எட்டு மாதம் ஆனதாம்.

போன் வந்த நாலாம் நாள் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். பையில் நெகட்டிவ் கவரை வைத்துக்கொண்டேன். கேமராவையும் பிராக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். வாயால் சொல்ல வராது, கையால் காட்டினால் சொல்லிவிடலாம் என்று. வழியெல்லாம் உப்பளம். சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டே போனேன். ஆத்தூர் வரும்போது பாதி மறந்துவிட்டது.

அதே வீடு. அங்கே பெண்மக்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டில்தான் இருப்பார்கள். அதே கூடம், அதே ஜன்னல். அண்ணன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி. எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு ஈக்கோம்" என்றார்.

கவரைக் கொடுத்தேன். அவர் நெகட்டிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். போனில் படம் எடுத்து, அதில் ஏதோ செய்து பெரிதாக்கினார். தங்கை அவர் தோளுக்கு மேல் குனிந்து நின்றாள்.

"ஜன்னல் தெரியுது" என்றார். "இந்த ஜன்னல்தான். உம்மா எங்க?"

"உங்க உம்மா அதுல இல்ல" என்றேன். "மருந்து கெடல. கெட்டதா இருந்தாத்தானே சரி பண்ண முடியும். அவங்க அதுல விழவே இல்ல. தப்பு என் மேல."

பையிலிருந்து கேமராவை எடுத்து, பட்டையை மாட்டி, அரக்கு வைத்த லீவரைக் காட்டினேன். "இது இந்தப் பக்கம் இருக்கணும். நான் அந்தப் பக்கம் தள்ளிட்டேன். வெளிச்சம் முந்தி அடிச்சி ஓஞ்ச பொறவு இது கதவத் தொறந்திருக்கு. தொறக்கும்போது இருட்டு."

தங்கைதான் முதலில் கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"அன்னைக்கே இத சொல்லியிருந்தா உம்மா இன்னொருக்க உக்காந்திருப்பாஹல்லா?"

"உக்காந்திருப்பாவ."

"நாலு வருஷம் இருந்தாஹளே அக்கா. நாலு வருஷம்! நீங்க இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போனிய."

"ஆமாம்மா" என்றேன்.

"சும்மா இருளா" என்று அண்ணன் அவளை அடக்கினார். என்னைப் பார்க்காமல், நெகட்டிவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உம்மா எனக்கு ஒரு கடுதாசி போட்டாஹ. இவதான் எழுதுனா. நீ கேட்டேன்னு முகத்தத் தொறந்து உக்காந்தேன், படம் விழல, இனி கேக்காதன்னு. நான் உம்மாவ செய்யக் கூடாதத செய்ய வச்சிட்டேன்னு நெனச்சேன். அதுக்குப் பொறவு நான் கேக்கவே இல்ல. பயம்." நெகட்டிவை மடியில் வைத்தார். "லீவருதானா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் பெருமூச்சு விட்டார். அது கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. டீ வந்தது. நான் தொடவில்லை.

"நீங்க பாத்தியல்லா" என்றார் பிறகு. "எப்படி இருந்தாஹ, சொல்லுங்க."

சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது என் வாழ்க்கையில் குறைவு. துப்பட்டி, மடியில் வைத்த கைகள், ஊசி தேடுகிறாயா என்று கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். "வலது கன்னத்துல மிளகு மாதிரி ஒரு மச்சம்" என்றேன்.

"இடது" என்றாள் தங்கை. இன்னும் கோபம் தணியவில்லை. "உம்மாக்கு இடது கன்னத்துலதான்."

"இல்லம்மா, வலது. எனக்கு நல்லா…" என்று கை என் கன்னத்துக்குப் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமராவின் மூடியைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். "உங்க தங்கச்சியப் பாருங்க" என்றேன்.

குனிந்து பார்த்தார். தங்கை தலைத் துணியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினாள். "மாறித் தெரியுதே" என்றார்.

"அதுக்குள்ளதான் நான் உங்க உம்மாவப் பாத்தேன். அதான் மச்சம் வலதுன்னு நெஞ்சுல நின்னுட்டு. அவங்க படத்துக்கு உக்காந்தப்ப நான் தலை நிமிந்து அந்த முகத்த ஒரு தடவகூடப் பாக்கல. கூச்சம்."

அவர் கண்ணாடியிலிருந்து தலையை எடுக்கவில்லை. தங்கை ஜன்னலோரம் அசையாமல் நின்றாள்.

"வெளிச்சம் அடிச்ச பொறவு உம்மா ஏதும் சொன்னாஹளா?"

"சிரிச்சாவ. வாயப் பொத்திக்கிட்டு. விழுந்துட்டான்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"விழுந்துட்டுன்னு சொன்னேன்" என்றேன்.